இலைக் கணக்கில் தொடங்குங்கள்: கடலூரில் நம் கல்யாணத்தை நாமே நடத்துவது எப்படி

கல்யாணம் பேசி முடித்த மறுநாளே நானும் அவரும் மஞ்சக்குப்பம் பக்கம் இரண்டு மண்டபம் ஏறி இறங்கினோம். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை இலைம்மா?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் மண்டபம், சமையல், செலவு எதையும் பேசவே முடிந்தது.

ஏற்பாட்டாளர் யாரையும் வைக்காமல் இரண்டு வீட்டாரும் சேர்ந்து நடத்திய கல்யாணம் இது. முதல்முறை இறங்குகிறவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: மொய் நோட்டை எடுங்கள்

யாரை அழைப்பது என்று யோசித்து எழுதினால் பாதிப் பேர் விட்டுப்போகும். வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் அக்கா கல்யாணத்து நோட்டைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து அம்மா எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. "நெல்லிக்குப்பம் சித்தப்பா 1,001. கம்மியம்பேட்டை அத்தை 501, குத்துவிளக்கு ஒன்று." அம்மா படிக்கப் படிக்க நான் எழுதினேன். நடுவில் பெரியப்பா, "இவங்க வீட்டுக் காதுகுத்துக்கு நாம போகல, நேர்ல போய் வைக்கணும்" என்று அங்கங்கே நிறுத்தினார். யாருக்கு நேரில் பத்திரிகை, யாருக்கு போன் என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது.

இனி கணக்கு. ஒரு வரி என்பது ஒரு குடும்பம், ஒரு இலை அல்ல. உள்ளூர்க் குடும்பத்தில் முந்தின நாள் மாலை வரவேற்புக்கு இரண்டு பேர் வருவார்கள், முகூர்த்தச் சாப்பாட்டுக்கு ஒருவர். வெளியூர்க் குடும்பம் மூன்று பேராக வந்தால் மூன்று வேளையும் இங்கேதான் சாப்பிடும். எங்களுக்கு உள்ளூர் 100 வரி, வெளியூர் 40 வரி, வீட்டு ஆட்கள் 30 பேர். அப்படியானால் இரவு 350 இலை, காலை டிபன் 150, மதியம் 250. மூன்று வேளைக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். டிபனில் மட்டும் 200 இலைக்கு வீணாகப் பணம் கொடுக்க நேரும்.

படி 2: தேதியும் தேனிலவும் ஒரே நாளில்

ஆடி, புரட்டாசி, மார்கழி போக மீதி மாதங்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் நம் ஊரில் வடகிழக்கு மழைக்காலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை மாதத்தில்தான் நாள் அமைகிறது என்றால் திறந்தவெளி வரவேற்பு, கடற்கரை மேடை என்ற ஆசைகளை விட்டுவிடுங்கள். கூரையுள்ள சாப்பாட்டுக் கூடம், தண்ணீர் தேங்காத தெரு, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஜோசியர் குறித்துக் கொடுக்கும் நாளைப் பெண்ணிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். மாதவிடாய் கணக்கைப் பார்த்துத் தேதி சொல்லப் பெண்ணுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அம்மா மூன்று நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு என் கையில் கொடுத்து, "நீ சொல்லு" என்றார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தேதி முடிவான அதே நாளில் தேனிலவு நாட்களையும் இரண்டு வீட்டிலும் சொல்லிவிடுங்கள். கல்யாணம் முடிந்ததும் மறுவீடு, குலதெய்வம் கோயில், சித்தப்பா வீட்டு விருந்து, மாமா வீட்டு விருந்து என்று வரிசை கட்டி நிற்கும். அதெல்லாம் அன்பினால் நடப்பது, தட்டவும் முடியாது. "ஞாயிறு வரை மறுவீடும் கோயிலும், புதன்கிழமை கிளம்புகிறோம்" என்று மூன்று மாதம் முன்பே தெரிந்திருந்தால் விருந்து வைப்பவர்கள் அதற்கேற்ப நாள் பார்த்துக்கொள்வார்கள். கடைசி வாரத்தில் சொன்னால் மனஸ்தாபம்தான்.

படி 3: எங்கே தாலி கட்டுவது

கடலூர்க்காரர்களுக்குத் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் நினைவுக்கு வராமல் இருக்காது. ஊரிலிருந்து 6 கிலோமீட்டர் போல, கெடிலம் ஆற்றங்கரையில். எதிரே ஔஷதகிரி என்ற குன்று, அதன் மேல் ஹயக்ரீவர் கோயில். முகூர்த்த நாளில் அடுத்தடுத்து எத்தனையோ ஜோடிகளுக்கு அங்கே தாலி ஏறும். அந்தக் கூட்டமே ஒரு அழகு என்பேன். ஆனால் அங்கே கல்யாணம் வைப்பதானால் கோயில் அலுவலகத்துக்கு நேரில் போய் முன்கூட்டியே பதிய வேண்டும். இருவரின் ஆதார், வயதுச் சான்று, புகைப்படம், இது முதல் திருமணம் என்பதற்கான கிராம நிர்வாக அலுவலர் சான்று எல்லாம் தயாராக இருக்கட்டும். முகூர்த்த நாளில் அந்தச் சாலையில் வண்டி நகராது. முகூர்த்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே இருக்க வேண்டும்.

ஐயர், சடங்கு வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. அண்ணா முதல்வராக இருந்த 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் முழுமையாகச் செல்லும்.

மண்டபம் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கரண்ட் தனியா, ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு, துப்புரவுக்கு எவ்வளவு, பாத்திரமும் நாற்காலியும் சேர்த்தியா, எத்தனை அறை என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சாவி வாங்கும்போது மின்மீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள், இதில்தான் நாங்கள் அடிபட்டோம். முந்தின நாள் மதியம் 3 மணிக்குச் சாவி, மறுநாள் மாலை வரை மண்டபம் என்று வாயால் பேசியிருந்தோம். மறுநாள் மதியம் 3 மணிக்கு, கடைசிப் பந்தி எழுந்த கையோடு, அடுத்த கல்யாணக்காரர்களின் பூக்கூடை வாசலில் வந்து இறங்கியது. சீர்ப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு அத்தைமார்கள் வெயிலில் நின்றதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

வெளியூர் உறவினர்களுக்கு ஒரு உதவி: கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், துறைமுகம் என்று இரண்டு ரயில் நிலையங்கள். எதில் இறங்க வேண்டும் என்று பத்திரிகையிலேயே போடுங்கள்.

படி 4: சமையல்

மளிகை, காய்கறி நாம் வாங்கிக் கொடுத்து சமையல்காரருக்குக் கூலி கொடுப்பது ஒரு முறை. இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவது இன்னொரு முறை. முதலாவதில் செலவு குறையும், ஆனால் சாமான் அறையில் உட்கார நம்பிக்கையான ஒரு பெரியவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லை என்றால் இரண்டாவதையே எடுங்கள். குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம், கூடினால் என்ன, பரிமாறுபவர்களும் இலை எடுப்பவர்களும் சேர்த்தியா என்பதைக் கேளுங்கள். அன்றைக்கு இலைக்கட்டுகளை எண்ணி வைக்க ஒரு தம்பியை நிறுத்துங்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் 120 பேர் உட்காரலாம் என்றால் 350 பேருக்கு மூன்று பந்தி. ஒரு பந்தி எழுந்து துடைத்து அடுத்த இலை போட 40 நிமிடம். ஆக இரண்டு மணி நேரம். முதல் பந்தி 7 மணிக்குத் தொடங்காவிட்டால் கடைசிப் பந்திக்காரர்கள் சாப்பிட்டு முடிக்க 9 மணியைத் தாண்டிவிடும், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் தவிப்பார்கள். மேடையில் போட்டோ வரிசை நீளும்போது, "சாப்பிட்டுட்டு வந்து நில்லுங்க மாமா" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

எங்களுடையது வைகாசிக் கல்யாணம். மதிய இலையில் பாயசத்துக்குப் பக்கத்தில் பண்ருட்டிப் பலாச்சுளை இரண்டு வைக்கச் சொன்னோம். சென்னையிலிருந்து வந்தவர்கள் இன்றும் அதைத்தான் பேசுகிறார்கள்.

படி 5: பணம்

மொய் வரும் என்று நம்பிச் செலவை ஏற்றாதீர்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். சமையல், மேளம், பூ, வண்டி, போட்டோ ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய மீதியைப் பெயர் எழுதிய தனித்தனி உறையில் போட்டு, கல்யாண வேலையில் இல்லாத ஒருவரிடம் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு அது என் சித்தப்பா. மணமேடையில் இருக்கும் அப்பாவை யாரும் வந்து பணம் கேட்கவில்லை.

படி 6: பதிவு

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி, தமிழ்நாட்டில் நடக்கும் எந்தத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, பத்திரிகை, வயது, முகவரிச் சான்றுகள், மண்டப அல்லது கோயில் ரசீது, சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பத்திரிகை அடிக்கும் முன்பே பெயர் எழுத்தை ஒத்துப் பாருங்கள். என் பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து. அதைத் திருத்தவே மூன்று வாரம் ஆனது. மண்டபம் புதுச்சேரியில் என்றால் அது வேறு ஆட்சிப்பகுதி. பதிவு அங்குள்ள நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ.

படி 7: தேனிலவை இரண்டாகப் பிரியுங்கள்

கல்யாணக் களைப்போடு நெடுந்தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. உடனே இரண்டு இரவு பக்கத்தில், நீண்ட பயணம் பிறகு. "புதுச்சேரியா? பஸ் ஏறினா ஒரு மணி நேரம்தானே" என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் பகலில் போய்வரும் ஊர் வேறு, இரவு தங்கும் ஊர் வேறு. மாலை 6 மணி முதல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். கூட்டம் கரைந்த பிறகு பழைய கலங்கரை விளக்கம் வரை கைகோத்து நடந்தோம். பத்து நாளில் முதல்முறையாக யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. பிச்சாவரமும் நல்ல இடம்தான். காலை வெயில் ஏறும் முன் படகில் ஏறிவிடுங்கள்.

நீண்ட பயணத்துக்கு ஊட்டி போனோம், புரட்டாசி முதல் வாரத்தில். அந்த மாதம் கல்யாணமும் விருந்தும் இருக்காது, லீவு கேட்டாலும் கிடைக்கும். வடகிழக்கு மழை வலுத்தபின் கல்லாறு பக்கம் மண் சரிந்தால் மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள், அதற்கு முன் போய்விடலாம். 2024 நவம்பரிலிருந்து ரயிலில் பயண நாளுக்கு 60 நாள் இருக்கும்போதுதான் முன்பதிவு தொடங்கும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சொந்த வண்டியில் போனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே 7இலிருந்து உள்ள நடைமுறை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

டிக்கெட்டில் பெண்ணின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும், பெயர் மாற்றம் எதுவானாலும் பயணம் முடிந்து வந்து செய்யுங்கள். புதுச்சேரிக்கான பெட்டியைப் பந்தக்கால் நடும் முன்பே கட்டி, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பீரோ சாவி யார் இடுப்பில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது.