கலவை ரெஃப்ரிஜரன்ட் குழாயில் கொதிக்கும்போது: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பத்தூரிலோ கிண்டியிலோ எவாப்பரேட்டர் காயில் (ரெஃப்ரிஜரன்ட் என்னும் குளிரூட்டும் திரவம் கொதித்து வெப்பத்தை உறிஞ்சும் குழாய்ச் சுருள்) வடிவமைக்க உட்காரும் இளம் பொறியாளர்கள் பலர், ஒரே பொருளான ஆர்-22 ரெஃப்ரிஜரன்டுக்குப் போட்ட பழைய கணக்குத் தாளை எடுத்து, பண்புகளை மட்டும் ஆர்-407சி-க்கு மாற்றிவிடுகிறார்கள். விடை வந்துவிடும். காயில்தான் அந்த அளவுக்குக் குளிர்விக்காது. மூன்று பொருள் சேர்ந்த கலவையை ஒரே பொருளாக நினைத்ததன் விளைவு அது.

ஆர்-407சி-யில் எடைப்படி ஆர்-32 23 சதவீதம், ஆர்-125 25, ஆர்-134ஏ 52. அழுத்தம் மாறாமல் இருந்தாலும் கொதிக்கும் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். சுமார் 5.7 பாரில் முதல் குமிழ் 0 டிகிரி அருகே வரும். கடைசித் துளி ஆவியாகும்போது 6 டிகிரி ஆகியிருக்கும். இந்த ஏற்றம்தான் கிளைடு.

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது: குழாய்ச் சுவரின் வெப்பநிலையிலிருந்து எதைக் கழிப்பது? சுவர் 8 டிகிரி, வெப்பப் பாய்வு சதுர மீட்டருக்கு 10 கிலோவாட், பெரும்பகுதி ஆவியாகிவிட்ட ஓர் இடத்தில் கலவை 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குமிழ்ப்புள்ளியான (முதல் குமிழ் வரும்) 0-ஐக் கழித்தால் வெப்பப் பரிமாற்றக் குணகம், அதாவது ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டர் வழியே போகும் வாட், 1250 வரும். அந்த இடத்தின் உண்மையான 5-ஐக் கழித்தால் 3333. பாய்வு அதே, சுவர் அதே, விடை மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் வேறு. ஒருவர் முதல் வழியில் எடுத்த அளவீட்டை இன்னொருவர் இரண்டாவது வழிச் சமன்பாட்டோடு ஒப்பிட்டால், பிழை எங்கே என்று தேடியே நாள் போய்விடும்.

சென்னைக்கு இதில் தனிக் கவனம் தேவை. மே மாதத்தில் கண்டன்சர் (ஆவி மீண்டும் திரவமாகும் சுருள்) 50 டிகிரியைத் தாண்டினால், அழுத்தத்தைக் குறைக்கும் விரிவு வால்வைக் கடந்ததுமே மூன்றில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். அப்படியென்றால் கிளைடில் ஒரு பகுதி காயிலுக்குள் நுழையும் முன்பே தீர்ந்துவிட்டது. முழு 6 டிகிரியையும் காயிலில் எதிர்பார்க்கக் கூடாது. போதாததற்கு, குழாயில் அழுத்தம் குறையக் குறைய கொதிநிலை இறங்கி, கிளைடின் ஏற்றத்தில் ஒரு பங்கை அழித்துவிடும். இந்த இரண்டையும் குழாயின் நீளவாக்கில் துண்டு துண்டாகக் கணக்கிட வேண்டும். நுழைவு, வெளியேற்றம் இரண்டின் சராசரியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

அப்புறம், சுவரில் குமிழ்கள் உருவாகிக் கொதிக்கும் குமிழ்க் கொதிப்பு. எளிதில் ஆவியாகும் ஆர்-32-ம் ஆர்-125-ம் முந்திக்கொண்டு குமிழுக்குள் போவதால், அதைச் சுற்றிய திரவத்தில் ஆர்-134ஏ செறிந்து, அந்த இடத்துக் கொதிநிலை உயர்கிறது. சுவருக்கும் திரவத்துக்கும் இடையே பயன்படும் வெப்பநிலை வேறுபாடு சுருங்கி, குணகம் விழுகிறது. குழாயில் கொதிப்பின் குணகத்தைக் கணிக்க 1966-ல் வந்த சென் சமன்பாடு போன்றவை தூய திரவங்களுக்கானவை. அவற்றில் கலவையின் சராசரிப் பண்புகளைப் போட்டால் குணகம் அதிகமாகவே வரும். மூன்று பொருட்களின் குணகங்களையும் சேர்த்து இலட்சியக் குணகம் (கலவையால் வரும் இந்தக் குறை இல்லாவிட்டால் இருக்கும் குணகம்) கணக்கிடும்போது மோல் பங்கு, அதாவது மூலக்கூறு எண்ணிக்கைப்படியான பங்கு வேண்டும்: மேலே சொன்ன அதே வரிசையில் சுமார் 38, 18, 44 சதவீதம். பலர் அங்கே எடைப் பங்கைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆவி மிகுந்த பகுதியில், கிளைடோடு சேர்ந்து ஆவியும் சூடாக வேண்டும் என்பதால் கூடுதல் தடை உண்டு. ஆய்வாளர்கள் சில்வர் 1947-லும் பெல், காலி இருவரும் 1973-லும் தந்த திருத்தம் இதற்கு உதவும். ஒடுக்கத்துக்காக (ஆவி திரவமாவதற்காக) உருவானதைக் கொதிப்புக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்பது மறக்கக் கூடாது. கலவைத் தரவுகளை வைத்தே பொருத்திய சமன்பாட்டின் மேல் இந்தத் திருத்தத்தையும் ஏற்றினால், ஒரே குறையை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

ஆர்-410ஏ என்னும் இன்னொரு கலவைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, அதன் கிளைடு மிகச் சொற்பம்.

எந்தச் சமன்பாட்டை எடுத்தாலும் அது எந்தக் குழாய் விட்டத்துக்கு, எந்த ஓட்டத்துக்கு, எண்ணெய் கலந்ததா கலக்காததா என்று பாருங்கள். கிடைமட்டக் குழாயில் ஆவிப்பங்கு ஏறும்போது மேற்சுவர் முதலில் காய்ந்துவிடும்; அதற்குப் பிறகு, சுற்றிலும் ஈரமான சுவருக்கு எழுதிய சமன்பாடு எதுவும் செல்லாது.