பிங்க் ஃபுளொய்ட் கேட்கத் தொடங்குபவருக்கு: எந்த அல்பம் முதலில், எப்படி

கிளிநொச்சிச் சந்தையில் ஒரு கறுப்பு ரீசேட் தொங்கும். நடுவில் ஒரு முக்கோணம். ஒரு பக்கத்தால் வெள்ளை ஒளிக்கோடு உள்ளே போகும், மற்றப் பக்கத்தால் நிறங்களாகப் பிரிந்து வெளியே வரும். அக்காவின் மகன் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு வருசம் திரிந்த பிறகுதான் அது ஓர் இசைத்தட்டின் அட்டைப்படம் என்று அறிந்தான். அன்றிரவே வீட்டுக்கு வந்துவிட்டான். "மாமா, பதினைஞ்சு அல்பம் கிடக்கு. முதலாவதில இருந்து வரிசையாப் போட்டன், ரெண்டு பாட்டோட விட்டிட்டன். எதில தொடங்கிறது?"

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

வரிசையாகத் தொடங்கியதுதான் பிழை. பிங்க் ஃபுளொய்ட் 1965 இல் லண்டனில் உருவான குழு. 1967 இல் வந்த முதல் அல்பத்தையும் 1973 இல் வந்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே குழு என்று நம்பமாட்டீர்கள். இடையில் தலைவர் மாறினார், ஓசை மாறியது, பாட்டின் நீளமும் மாறியது.

இவர்களை புறோகிறசிவ் றொக் என்ற வகைக்குள் வைப்பார்கள். மூன்று நிமிடத்தில் பாட்டை முடிக்க மனமில்லாமல், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஆக்கத்துக்குக் கொடுத்த ஆட்கள். காத்தவராயன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவருக்கு இந்த மனநிலையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முன்னிரவில் கேட்ட மெட்டு கழுமரத்தடியில் திரும்பி வரும்போது அதற்கு வேறு கனம் இருக்கும். நடுச்சாமத்தில் வந்து ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு எழும்பிப் போனவருக்கு அந்தக் கனம் கிடைக்காது. அல்பத்தையும் அப்படித்தான், முதலில் இருந்து முடிவு வரை ஒரே இருப்பில் கேட்க வேண்டும்.

நான் தரும் ஒழுங்கு வன்னியில் இருக்கிற வீடுகளை நினைத்துப் போட்டது. வேறு ஊர்களில் 1973 அல்பத்தை முதலில் கொடுப்பார்கள். நான் கொடுப்பதில்லை. காரணம் மூன்றாம் படியில் வரும்.

படி 1: போனை ஆயத்தம் செய்யுங்கள்

பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை நிறுத்துங்கள். ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டை ஏற்றும் குறொஸ்ஃபேட் வசதியையும் நிறுத்துங்கள். இவர்கள் பாட்டுகளை ஒன்றோடொன்று தாமே கவனமாக ஒட்டியிருக்கிறார்கள், செயலி அதன்மேல் இன்னொருமுறை ஒட்டினால் கெட்டுவிடும். இலவசச் செயலி என்றால் நடுவில் விளம்பரம் வரும். ஆகவே முடிந்தால் ஒரு மாதத்துக்காவது காசு கட்டுங்கள்.

காட்டுக்கரைக் கிராமங்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ரவுணுக்கு வருகிற நாளில் முழு அல்பத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 44 நிமிட அல்பம் சாதாரண தரத்தில் ஏறக்குறைய 50 மெகாபைட் பிடிக்கும், உயர்ந்த தரத்தில் 100 வரை போகும். இறக்கியபின் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் அழைப்பும் வராது.

இயர்போன் விலை கூடினதாக இருக்கத் தேவையில்லை, இரண்டு பக்கமும் வேலை செய்தால் போதும். இவர்கள் ஓசையை இடமும் வலமுமாக நடத்திக் காட்டுபவர்கள். ஒரு பக்கம் செத்த இயர்போனில் பாதி அல்பம் காணாமல் போய்விடும்.

படி 2: 'விஷ் யூ வேர் ஹியர்', 1975

இங்கேதான் தொடங்க வேண்டும். ஐந்தே பாட்டு. இரவுச் சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்து, பாயில் படுத்துக்கொண்டு போடுங்கள்.

முதல் பாட்டு 'ஷைன் ஒன் யூ கிரேஸி டயமண்ட்'. மனிதக் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேலாகும், பொறுத்திருங்கள். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் கீர்த்தனைக்குப் போகாமல் ராகத்தை ஆலாபனை செய்துகொண்டிருப்பாரே, அந்த நேரம் இது. ஏறக்குறைய நான்காம் நிமிடத்தில் மற்ற ஓசைகள் ஒதுங்க, கிற்றார் தனியாக நான்கு சுரங்களை மட்டும் வாசிக்கும். அந்த நான்கையும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள், அல்பத்தின் முழு ஏக்கமும் அதற்குள் இருக்கிறது.

ஏக்கம் யாருக்காக என்று தெரிந்தால் நல்லது. குழுவின் முதல் தலைவர் சிட் பரெட். பாடியவரும் அவர், பெரும்பாலான பாட்டுகளை எழுதியவரும் அவர். மனநிலை குலைந்து 1968 இல் குழுவிலிருந்து விலகினார். அவருடைய இடத்தில் கிற்றார் வாசிக்க வந்தவர் டேவிட் கில்மோர். ஏழு வருசம் கழித்து, 1975 யூன் 5 ஆம் திகதி, லண்டன் அபி ரோட் ஸ்ரூடியோவில் சிட்டைப் பற்றிய இந்தப் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்து நின்றார். உடம்பு பருத்து, தலையும் புருவமும் மழித்திருந்தது. கூடவே வளர்ந்த நண்பர்களுக்கே அது சிட் என்று தெரியவில்லை. தெரிந்தபோது, குழுவில் பேஸ் கிற்றார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார் என்று கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். கதையைத் தெரிந்துகொண்டு அந்த நான்கு சுரத்தையும் இன்னொருமுறை கேளுங்கள்.

இரண்டாம் மூன்றாம் பாட்டுகள் இசை வியாபாரிகள்மேல் உள்ள கோபம். மூன்றாவது முடியும்போது ஓசை திடீரென்று சுருங்கி மெலியும். போன் பழுதாகிவிட்டது என்று எழும்பாதீர்கள். முழுக் குழுவும் ஒரு சின்ன றேடியோவுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். பிறகு யாரோ ஸ்ரேசன் மாற்றுகிறார். இரைச்சல், யாரோ கதைக்கிற சத்தம், ஒரு நொடி மேற்கத்தேய சாஸ்திரிய இசை. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு கிற்றார் கேட்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கிற்றார், உங்கள் அறைக்குள்ளேயே ஒருவர் இருந்து றேடியோவோடு சேர்ந்து வாசிப்பதுபோல, தெளிவாக வந்து சேரும். அந்த றேடியோச் சத்தத்தைக் கில்மோர் தன் காரிலிருந்த றேடியோவில் பதிவு செய்தார்.

தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் கொழுவுவோம். பெரியவர்கள் காதைக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள், பெடியள் சில்லைச் சுற்றுவோம். சுற்று தளர்ந்தால் குரல் தாழும். இந்தப் பாட்டின் தொடக்கத்தை முதன்முதல் கேட்டபோது என் கை தானாக அந்தச் சில்லைத் தேடியது. இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டிருப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நீ இங்கே இருந்திருக்கலாம்'. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்த அம்மாக்களைக் கண்டவருக்கு அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று இரவு இதையே கேளுங்கள். முதலிரவு வரிகளைப் பார்க்க வேண்டாம். இரண்டாமிரவு வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாமிரவு கீபோர்ட் மட்டும் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அதை வாசித்த ரிச்சர்ட் ரைட்டைப் பற்றி ஆட்கள் குறைவாகத்தான் கதைப்பார்கள். ஆனால் அந்த இருட்டைக் கட்டியெழுப்பியவர் அவர்தான்.

படி 3: 'த டார்க் சைட் ஒஃப் த மூன்', 1973

ரீசேட்டில் இருப்பது இதுதான். 43 நிமிடம். அமெரிக்க அல்ப விற்பனைப் பட்டியலில் 1973 தொடக்கம் 1988 வரை 741 கிழமைகள் இருந்தது. நேரம், காசு, சாவு, மனம் பேதலித்தல் என்று மனிதரை அரிக்கும் விசயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடும். இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடியும்.

இதை ஏன் முதலில் கொடுப்பதில்லை என்றால், மூன்றாவது தடமான 'ஒன் த ரன்' ஒரு விமானம் விழுந்து வெடிக்கும் ஓசையோடு முடிகிறது. அடுத்த பாட்டு ஏராளமான மணிக்கூடுகள் ஒரேயடியாக அலறுவதோடு தொடங்குகிறது. வேறு ஊரில் அது வெறும் ஸ்ரூடியோ வித்தை. எங்கள் வீடுகளில் அந்தச் சத்தம் வேறு. ஆகவே இந்த அல்பத்தை ஸ்பீக்கரில் போடாதீர்கள், இயர்போனில் கேளுங்கள். வெடிச்சத்தம் உங்களுக்கே கூடாது என்றால் அந்தத் தடத்தைத் தாண்டி விடுங்கள். முழுதாகக் கேட்க வேண்டும் என்று மேலே சொன்ன நானே இதையும் சொல்கிறேன். முதல் அல்பமாக 1975 ஐ வைத்தது இதற்காகத்தான், அதில் யாரையும் திடுக்கிட வைக்கும் வெடி இல்லை.

இரண்டு இடங்களில் நின்று கேளுங்கள். ஒன்று 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. கிளேர் டொறி என்ற பாடகி ஒரு சொல்லும் இல்லாமல் பாடுகிறார். சாவைப் பற்றிய பாட்டு என்று மட்டும் சொல்லி விட்டார்களாம், மீதி முழுவதும் அவருடைய தொண்டையிலிருந்து வந்தது. செத்தவீட்டில் ஒப்பாரி சொல்கிற ஆச்சி சொற்கள் தீர்ந்துபோய் வெறும் குரலாக அழும் கட்டம் ஒன்று வருமல்லவா, அதுதான் இது. அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண். பிற்காலத்தில் வழக்குப் போட்டு, 2005 இல் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராகத் தன் பெயரையும் சேர்ப்பித்தார். அவர் அதற்கு முழு உரிமை உள்ளவர்.

மற்றது 'மனி'. நாணயங்கள் கொட்டுவதும் கடதாசி கிழிவதும் ரேப்பில் வெட்டி ஒட்டித் தாளமாக ஓடும். விரலால் எண்ணிப் பாருங்கள், ஏழு வரும். மிஸ்ர சாபுவில் கை பழகியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கிற்றார் தனியாவர்த்தனம் தொடங்கும்போது தாளம் நாலுக்கு மாறி ஓட்டம் பிடிக்கும், பிறகு ஏழுக்குத் திரும்பும்.

படி 4: 'எக்கோஸ்' மட்டும், 1971

'மெடில்' அல்பத்தின் கடைசித் தடம், இருபத்துமூன்றரை நிமிடம். மற்றப் பாட்டுகள் தனித்தனியானவை என்பதால் இங்கே அல்ப விதியைத் தளர்த்தலாம். கிணற்றுக்குள் சொட்டு விழுவதுபோல் ஒரு பியானோச் சுரத்தோடு தொடங்கும். நடுவில் பாட்டு கரைந்து காற்றும் பறவைக் கூச்சலும் மட்டும் மிஞ்சும். அதில் வீரிட்டு அலறும் ஓசை பறவையுடையது அல்ல, கில்மோரின் கிற்றாருடையது. பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் இருந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு, இத்தாலியிலுள்ள பொம்பெய் என்ற புராதன நகரின் பழைய அரங்கில் பார்வையாளர் ஒருவரும் இல்லாமல் இவர்கள் இதை வாசித்த படத்தையும் பாருங்கள்.

படி 5: 'அனிமல்ஸ்', 1977

நாய், பன்றி, ஆடு என்று மனிதரைப் பிரித்து வைத்த கோபமான அல்பம். 'டோக்ஸ்' 17 நிமிடம், கில்மோரின் மிகச் சிறந்த வாசிப்பு இதில்தான் என்பது என் எண்ணம். மேலேயுள்ள மூன்றும் பிடித்திருந்தால் இதுவும் பிடிக்கும்.

படி 6: 'த வோல்', 1979. ஆறுதலாக

26 பாட்டு, 81 நிமிடம். பதின்மூன்றாவது பாட்டோடு நிறுத்தி, மற்றப் பாதியை அடுத்த இரவுக்கு வையுங்கள்.

இந்த அல்பத்தைப் பெரும்பாலும் எழுதிய வாட்டர்ஸின் அப்பா 1944 இல் இத்தாலியில் அன்சியோச் சண்டையில் கொல்லப்பட்டார். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். அப்பாவை வீட்டுப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை, தன்னைச் சுற்றிச் செங்கல் செங்கலாகச் சுவர் எழுப்பிக்கொள்வதுதான் இந்தக் கதை. அப்படி வளர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளிலும் இருந்தார்கள். பாடசாலையைச் சாடும் பாட்டை மட்டும் தனியே கேட்டவர்கள் அதை வெறும் குழப்படிப் பாட்டாக நினைப்பார்கள். அந்தச் சுவரின் முதல் கல் அப்பாவின் சாவு என்பது முழுதாகக் கேட்டால்தான் விளங்கும்.

ஆனால் கவனம். முதல் பாட்டின் முடிவில் விமானம் பாய்ந்து வரும். நான்காவதன் தொடக்கத்தில் ஹெலி. ஏழாவது, குண்டுவீச்சைப் பார்த்த பிள்ளையின் பாட்டு. 2009 இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள் கிடந்தவர் வீட்டில் இருந்தால் இந்த அல்பம் அவர் காதில் விழக்கூடாது. நீங்களே அவர் என்றால், கேட்காமல் விடுவதில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் பாதியில் வரும் 'கம்ஃபர்டபிளி நம்' பாட்டை மட்டும் தனியாக எடுத்துக் கேளுங்கள்.

படி 7: இப்போது 1967

அக்காவின் மகன் விட்டுவிட்டு வந்த முதல் அல்பத்துக்கு இப்போது போகலாம். 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஒஃப் டோன்' சிட்டின் உலகம். பூனை, வெருளி, சைக்கிள் எல்லாம் பாட்டாக வரும். அதோடு, அதே வருசம் தனித்தட்டாக வந்த 'சீ எமிலி பிளே' என்ற சிட்டின் பாட்டையும் நாலைந்து தடவை கேட்டு, மெட்டு வாயில் வருமட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு 'விஷ் யூ வேர் ஹியர்' அல்பத்தின் கடைசித் தடத்தைப் போட்டு, அதன் கடைசி நிமிடத்தில் ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். எல்லாம் மெல்ல மெல்ல அடங்கிப் போகும் நேரத்தில் ரைட்டின் கீபோர்ட், சிட்டின் அந்த 'எமிலி' மெட்டிலிருந்து சில சுரங்களை வாசித்துவிட்டு நின்றுவிடும்.