நான்கு நாள் ஸ்கூபா பயணத்தில் காதையும் சைனஸையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

ஏலகிரியிலிருந்து வண்டியில் இறங்கும்போது காது அடைத்தால், எச்சிலை விழுங்கிச் சமாளிப்பது எங்கள் வேலூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து காதுக்குத் தரும் அழுத்த மாற்றத்தைத் தண்ணீர் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே தந்துவிடும் என்று தெரியாமல்தான், சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவுக்காக நான் முதன்முறை அந்தமானுக்குப் போனேன். ஹேவ்லாக்கில் முதல் நாள் இரண்டு முறை இறங்கினேன். மூன்றாம் நாள் மற்றவர்களின் துண்டுகளுக்குக் காவலாகப் படகில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பயணத்தில் நான்கு நாளும் இறங்க முடிந்தது. இடையில் மாற்றிக்கொண்டவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். முகமூடி அணிவது, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரில் மூச்சு விடுவது போன்றவற்றைப் பயிற்சி வகுப்பிலேயே கற்றுத்தருவார்கள்.

படி 1: புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு

பொங்கல் முடிந்த கையோடு புறப்படுபவர்கள் போகிப் புகையிலிருந்து தள்ளியிருங்கள். மார்கழிப் பனியில் ஏற்கெனவே நீர் கோத்திருக்கும் தலைக்குப் புகையும் சேர்ந்தால், முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளான சைனஸ்களின் வாய்கள் வீங்கிக்கொள்ளும். தினமும் ஒருமுறை உப்பு நீரால் மூக்கைக் கழுவலாம். கொதிக்க வைத்து ஆறிய நீர் 240 மி.லி., அயோடின் சேர்க்காத உப்பு கால் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை போதும். குழாய் நீரை அப்படியே ஊற்றக் கூடாது. குடித்தால் ஒன்றும் செய்யாத ஒருவகை அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். அழுத்திப் பீய்ச்சும் பாட்டிலை விட நீண்ட மூக்குள்ள நேத்திக் குவளையே எனக்குப் பிடிக்கும். பாட்டிலைச் சற்று வேகமாக அழுத்தினாலும் நீர் காதுப் பக்கம் ஏறிவிடுகிறது. கழுவிய பின் குனிந்து தலையை இருபுறமும் சாய்த்து மீதி நீரை வடியவிடுங்கள். நான் வடிக்காமல் வெளியே கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தபோது சட்டை முழுவதும் நனைந்தது.

படி 2: இறங்கும்போது (நான் சறுக்கிய இடம் இதுதான்)

முதல் பயணத்தில் என்னை அழைத்துச் சென்ற பயிற்றுநர், "காது வலிச்சா மூக்கைப் பிடிச்சு ஊதுங்க" என்று மட்டும் சொன்னார். நானும் வலிக்கும்வரை காத்திருந்தேன். கடல் மட்டத்தில் ஒரு மடங்காக இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிவிடுவதால், காதுக்குள் இருக்கும் காற்று அந்த முதல் 10 மீட்டரிலேயே பாதியாகச் சுருங்கப் பார்க்கும். ஆகவே கஷ்டமெல்லாம் மேல்பகுதியில்தான் இருக்கிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாயின் தொண்டைப் பக்க முனை மிருதுவானது. தாமதித்தால் அது, ஈரமான பாலித்தீன் பையின் வாய் ஒட்டிக்கொள்வதைப் போல ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பலமாக ஊதினால் முனை இன்னும் இறுகுமே தவிரத் திறக்காது. அந்த வேகத்தில் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழிந்து, காது கேட்காமல் போகவும் தலைசுற்றல் தொடரவும் வாய்ப்பு உண்டு.

எனவே படகிலேயே ஒருமுறை, நீரின் மேற்பரப்பில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை, காது எதுவும் உணர்வதற்கு முன்பே அழுத்தத்தைச் சமன் செய்யுங்கள். தலைகீழாக இறங்காமல், நங்கூரக் கயிற்றை ஒரு கையால் பிடித்து, கால் முதலில் போகும்படி இறங்குங்கள்.

இப்படிச் சமன் செய்யப் பல வழிகள் உண்டு. மூக்கைப் பிடித்து ஊதுவது வால்சால்வா முறை. மூக்கைப் பிடித்து எச்சிலை விழுங்குவது டாயின்பீ முறை. இரண்டையும் சேர்த்து, விழுங்கிக்கொண்டே மெதுவாக ஊதுவதுதான் எனக்குக் கைகொடுத்தது. மூக்கைப் பிடித்தபடி, 'க்' என்று உச்சரிக்கப் போவதுபோல நாக்கின் பின்பகுதியை மேலே தள்ளும் ஃபிரென்சல் முறை இவற்றை விட மென்மையானது. ஆனால் பழக நாளாகும். பாலாற்றில் பழகலாம் என்றால் அங்கே தண்ணீர் இருப்பதில்லை. வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று, இரண்டு காதிலும் 'டிக்' என்ற ஓசை கேட்கிறதா என்று இரண்டு வாரம் பழகுங்கள்.

ஒரு காது மட்டும் திறக்கவில்லை என்றால் அந்தக் காது மேலே பார்க்கும்படி தலையைச் சாய்த்து, அரை மீட்டர் ஏறி, மீண்டும் முயலுங்கள். மூன்று முறைக்குள் திறக்காவிட்டால் கட்டை விரலை உயர்த்திக் காட்டி மேலே வந்துவிடுங்கள். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியதால் என் நடுச்செவியில் நீர் சேர்ந்தது. மூன்றாம் நாளை இழந்தது அதனால்தான்.

படி 3: சைனஸ்

காதைத் திறக்க வித்தைகள் உண்டு; சைனஸைத் திறக்க அப்படி எதுவும் இல்லை. புருவத்துக்கு மேலே ஊசி குத்துவது போன்ற வலியோ மேல்வரிசைப் பற்களில் வலியோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். முகமூடிக்குள் சிறிது ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அன்றைக்கு அத்தோடு போதும். சளி இருக்கும்போது, மூக்கடைப்பை நீக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு இறங்குவதை நான் விட்டுவிட்டேன். மருந்தின் வேகம் நீருக்கடியில் குறைந்தால், மேலே ஏறும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் வலிக்கும். அப்படி நேர்ந்தால் சற்றுக் கீழே இறங்கி, சிலிண்டரில் காற்று இருக்கும் அளவுக்கு மெதுவாக ஏறுங்கள். அதே மருந்தைச் சில நாள் தொடர்ந்து விட்டால் மூக்கடைப்பு முன்பை விட மோசமாகத் திரும்பும்.

படி 4: ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும்

நாள்தோறும் ஊறும் வெளிச்செவியில் கிருமி பெருகி, காது மடலைத் தொட்டாலே வலிக்கும். மருத்துவர் எழுதித் தரும் 2 சதவீத அசிட்டிக் அமிலச் சொட்டை முதல் முறை இறங்கும் முன்பும் கடைசி முறை ஏறிய பின்பும், காதுக்கு ஐந்து நிமிடம் வீதம், கைப்பேசியில் நேரம் வைத்து விடுங்கள். பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு எதனாலும் காது குடையாதீர்கள். வலிக்கும் காதில் பூண்டு காய்ச்சிய எண்ணெயை விடச் சொல்லும் பாட்டியிடம் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஆரணி நண்பர் ஒருவர், சிறுவயதில் செவிப்பறையில் விழுந்த ஓட்டையோடு இறங்கலாமா என்று கேட்டார். கூடாது. ஓட்டை வழியே ஒரு காதுக்குள் மட்டும் குளிர்ந்த நீர் புகுந்தால் தலை சுற்றும். 12 மீட்டர் ஆழத்தில் எது மேல், எது கீழ் என்றே தெரியாமல் போகும். படி 4-இல் சொன்ன காதுச் சொட்டு மருந்தும் அவருக்கு ஆகாது. வைத்தியத்துக்காக வெளிமாநிலத்தவர்கள் காட்பாடியில் வந்து இறங்கும் ஊர் நம்முடையது. பயணச்சீட்டு எடுக்கும் முன்பே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சீட்டு எடுக்கும்போது, கடைசியாக நீரிலிருந்து ஏறியதற்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.