மொட்டை மாடியில் ஒரு பிராஸரி: சாக்ஸஃபோனும் சுட்ட விளமீனும்

பிரெஞ்சில் பிராஸரி என்றால் பீர் காய்ச்சும் இடம். ஜெர்மனியோடு நடந்த 1870-71 போருக்குப் பின், எல்லைப் பகுதியான அல்சாஸின் ஆட்கள் பலர் பாரிசுக்கு வந்து பீரும் சாப்பாடுமாகக் கடை போட, சாப்பாட்டுக் கடைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. விறைப்பில்லாத இடம், சின்ன மெனு, ஓரத்தில் ஜாஸ் வாசித்தால் இன்னும் விசேஷம். ராமேஸ்வரம் பக்கத்தில் எங்கள் ஊரான மண்டபத்தில் அப்படி ஒன்று வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. 15 பேரைக் கூப்பிட்டு எங்கள் மாடியிலேயே நடத்தினேன். பீருக்குப் பதில் நன்னாரி சர்பத்.

1. நாள் பாருங்கள்

மாசி, பங்குனிதான் சரி. கச்சான் என்னும் மேல்காற்று கிளம்பிவிட்டால் தட்டில் மணல் விழும். ஏப்ரல் 15இல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிடும். விசைப்படகுகள் சனிக்கிழமை போய் ஞாயிறு காலை கரை திரும்பும். அதனால் ஞாயிறு இரவு.

2. ஆள் பிடியுங்கள்

ஜாஸ் கலைஞரைத் தேடி அலைய வேண்டாம். கத்ரி கோபால்நாத் கர்நாடகக் கச்சேரி மேடையில் ஏற்றிய சாக்ஸஃபோன் நம் கல்யாண வீடுகளில் இப்போது சாதாரணம். சாக்ஸஃபோன், கீபோர்டு, டிரம்ஸ், மூன்று பேர் போதும். டிரம்ஸ்காரரிடம் குச்சிக்குப் பதில், சத்தம் அடங்கிய கம்பி பிரஷ் கொண்டுவரச் சொல்லுங்கள். தவில் வேண்டாம் என்றதில் எங்கள் மாமாவுக்கு இன்னும் வருத்தம்தான். என்ன செய்ய, மாடியில் தவில் அடித்தால் உப்பு கேட்கக்கூடக் கத்த வேண்டும்.

3. ஒத்திகை

"தம்பி, எந்த ராகம்?" என்றார் சாக்ஸஃபோன் அண்ணன். சுத்த தன்யாசி என்றேன். அதன் ஐந்து சுரங்களோடு பிரதி மத்தியமத்தை, அதாவது உயர்ந்த ம-வைத் தொட்டுக்கொண்டால், ஜாஸுக்கு வேரான புளூஸ் இசையின் சுர வரிசை வந்துவிடும். தொடங்க எளிது பன்னிரண்டு பார் புளூஸ் (பார் என்றால் ஒரு தாளக் கட்டம்): பாருக்கு நான்கு தட்டு, மொத்தம் 48, அதாவது ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம். ஜாஸின் துள்ளலான ஸ்விங் நடைக்குத் "தகிட"வில் 'கி'யை விழுங்கி "த…ட, த…ட" என்று சொல்லிக் காட்டினேன். டிரம்ஸ் தம்பி உடனே பிடித்துக்கொண்டான். முதலில் எல்லோருமாக மெட்டு, பிறகு ஒவ்வொருவராகத் தனி வாசிப்பு, கடைசியில் மறுபடி மெட்டு. தனி முடிந்ததும், பாட்டு ஓடும்போதே கைதட்டுவது ஜாஸ் வழக்கம். முதலில் தட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள், எங்களுக்கு மச்சான்.

4. அடுப்பைப் பாட்டோடு கட்டுங்கள்

இதில்தான் நான் சறுக்கினேன். வாசிப்பு இரண்டு சுற்று: 7.45 முதல் 8.30, பிறகு 9 முதல் 9.45. முதல் தடவை கணவாயை வறுத்து இறக்கிய நேரம் அண்ணன் தனி எடுத்தார். ஒருவரும் தட்டைத் தொடவில்லை. பன்னிரண்டு பார் முடிந்தது, இன்னொரு பன்னிரண்டு, இன்னொன்று. அவர் நிறுத்தியபோது கணவாய் செருப்பு வார் ஆகியிருந்தது. கணவாய்க்கு நல்ல சூட்டில் இரண்டு, மூன்று நிமிடம்தான், உடனே வாய்க்குப் போக வேண்டும். ஆகவே அது இடைவேளைக்கு.

விளமீன் அப்படி அவசரப்படாது. அரைக் கிலோ மீன்களாக வாங்கி, இருபுறமும் மூன்று கீறல் போட்டு, முண்டு மிளகாய், பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு அரைத்துத் தடவி வையுங்கள். நம் ஊர்ச் சீமைக்கருவேலக் கரியை மூட்டி, தழல் மேல் சாம்பல் பூத்த பிறகு கம்பியில் போடுங்கள். தோல் தானாகக் கம்பியை விடும்வரை திருப்பக்கூடாது. ஒரு பக்கம் ஏழெட்டு நிமிடம் ஆகும். இரண்டாம் சுற்றின் முதல் பாட்டில் போட்டால் மூன்றாம் பாட்டில் பரிமாறலாம். கூட உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். மெனுவைக் கூட்டினால் நீங்கள் அடுப்படியிலேயே நின்று பாட்டைக் கோட்டைவிடுவீர்கள்.

5. மற்றவை

சாக்ஸஃபோனுக்கு மைக் தேவையில்லை, கீபோர்டுக்கு மட்டும் சின்ன ஸ்பீக்கர். பள்ளிவாசலில் இஷா பாங்கு, அதாவது இரவுத் தொழுகை அழைப்பு, முடிந்த பிறகே தொடங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. வாசிப்பவர்களுக்கு இடைவேளையிலேயே சாப்பாடு கொடுத்துவிடுங்கள், கணவாயில் முதல் தட்டு அவர்களுக்கு.

இனிப்புக்குக் கீழக்கரை தொதல். அதைக் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு எடுங்கள். முன்னாலேயே கொடுத்துவிட்டால், விரலெல்லாம் எண்ணெயோடு மச்சான்கூடக் கைதட்ட மாட்டார்.