பழுதாகும் வன்தட்டு: திருத்தாதீர்கள், பிரதி எடுங்கள்

பழுதாகத் தொடங்கிய வன்தட்டு எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிஞ்சிய நேரத்தைத் திருத்திப் பார்ப்பதில் கழிக்காமல், உள்ளே இருப்பதை வேறு தட்டுக்கு எடுப்பதில் கழியுங்கள். வன்னியில் இது சின்ன விடயமல்ல. 2009இல் அல்பத்தையும் காணி உறுதியையும் தொலைத்த வீடுகள் பலவற்றில், வெளிநாட்டுச் சொந்தங்கள் ஸ்கான் பண்ணி அனுப்பிய படங்கள்தான் மிச்சம். அவை ஒரே கொம்பியூட்டரில் கிடந்தால் இன்றைக்கே பாருங்கள்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே தாளத்தில் 'டிக், டிக்' என்று தட்டினாலோ, சுரண்டும் சத்தம் வந்தாலோ, பெரும்பாலும் வாசிக்கும் முனை போய்விட்டது. உடனே கறண்டை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால், உடைந்த முனை தட்டின் பூச்சையே சுரண்டிவிடும். பிறகு எவராலும் மீட்க முடியாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும் பழைய கைவைத்தியமும் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் உள்ளே படியும். மூடியைக் கழற்றவும் கூடாது. முனைக்கும் தட்டுக்கும் இடைவெளி ஒரு தூசியை விடச் சிறியது, செம்மண் புழுதியில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொழும்பில் கொடுப்பதானால், தூசற்ற அறை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பஸ்ஸில் சீற்றுக்குக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

இடிமின்னலுக்கோ, கறண்ட் போய் வந்த கையோடோ தட்டு சுழலாமலே கிடந்தால், தட்டின் அடியில் உள்ள பச்சைப் பலகை (மின்சுற்றுப் பலகை) எரிந்திருக்கலாம். அதே மொடல் பலகையை வாங்கி மாட்டினால் சரிவரும் என்பது பழைய கதை. இப்போதைய தட்டுகளில் அந்தந்தத் தட்டுக்கே உரிய அளவீடுகள் பலகையில் உள்ள சிப்பில் இருக்கும், அந்தச் சிப்பையும் மாற்றி ஒட்டவேண்டும்.

சத்தம் இல்லை, ஆனால் மெதுவாகிறது, ஃபைல் திறக்க மறுக்கிறது என்றால் உங்களால் செய்யக்கூடியது நிறைய உண்டு. 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 ஆகிய வரிகளின் மூல எண்ணைப் (Raw Values) பாருங்கள். தட்டில் உள்ள கெட்ட இடங்களின் கணக்கு அது. மூன்றும் சுழியமாக இருக்கவேண்டும். சி5 நேற்றைவிட இன்று கூடியிருந்தால் தட்டு இறங்குமுகம்தான். சி7 மட்டும் கூடினால் பெரும்பாலும் குற்றம் தட்டில் இல்லை, தட்டைக் கொம்பியூட்டரோடு இணைக்கும் சாட்டா வயரில். வயரை மாற்றுங்கள். அந்த எண் திரும்பக் குறையாது, மேலும் ஏறாவிட்டால் போதும்.

'ஃபோர்மற் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். விண்டோஸின் தட்டுத் திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிடாதீர்கள். அது தட்டின் மேலேயே எழுதித் திருத்துவது, மிஞ்சியதையும் குழப்பிவிடும்.

பிரதி எடுக்க மூன்று பொருள் வேண்டும்: அதே கொள்ளளவோ கூடியதோ ஆன நல்ல தட்டு (அதில் இருப்பது முழுக்க அழியும்), 'சிஸ்டம் ரெஸ்கியூ' லினக்ஸ் ஏற்றிய பென்ட்ரைவ், இன்னொரு வெறும் பென்ட்ரைவ். கடைசியானதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரதி எடுக்கும் 'டிடிரெஸ்கியூ' (அந்த லினக்ஸில் உள்ள கட்டளை) எதுவரை வாசித்தது என்பதை ஒரு வரைபட ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அந்த லினக்ஸ் நினைவகத்தில் ஓடுவதால், அந்த ஃபைலை அதன் டெஸ்க்டொப்பில் வைத்தால் கறண்ட் போனதும் அதுவும் போகும். வெறும் பென்ட்ரைவில் வைத்தால், கறண்ட் வந்த பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கட்டளையில் வரிசை: பழுதான தட்டு, நல்ல தட்டு, வரைபட ஃபைல். முதல் இரண்டும் இடம் மாறினால் வெறுமை உங்கள் படங்களின் மேல் எழுதப்படும். கொள்ளளவையும் மொடல் எண்ணையும் இரண்டு தரம் ஒப்பிடுங்கள். முதல் சுற்றில் 'என்' (-n) தெரிவைப் போட்டுக் கெட்ட இடங்களைத் தாண்டவிடுங்கள், நல்ல பகுதி முதலில் பத்திரமாகும். அதன் பின்தான் மூன்று மறுமுயற்சியோடு இரண்டாம் சுற்று.

இயன்றால் யூஎஸ்பி பெட்டியை விட்டு நேரே சாட்டாவில் மாட்டுங்கள். கெட்ட செக்டரில் (தட்டின் ஒரு சிறு பகுதி) சில பெட்டிகள் தொடர்பையே அறுத்துவிடும். நல்ல நிலையிலுள்ள 1 டெராபைட்டுக்கு நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் மூன்று மணித்தியாலம் போதும், பழைய யூஎஸ்பி 2இல் எட்டு ஒன்பதாகும், கெட்ட இடம் கூடினால் நாள்கணக்கு. ஆகவே இரவில் தொடங்குங்கள். தட்டை மெத்தையில் வைக்காமல் மேசையில் கிடையாக வைத்து மேசை விசிறியைத் திருப்பிவிடுங்கள். 55 பாகை தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். யூபிஎஸ் இல்லாவிட்டால், பற்றரி நல்ல லப்டொப்பில் 2.5 அங்குலத் தட்டைப் பிரதி எடுப்பது பாதுகாப்பு. ஐப்பசி இடிமுழக்கத்தில் தொடங்கவே வேண்டாம்.

எடுத்து முடிந்ததும் செக்டிஸ்க்கோ, தொலைந்த ஃபைல்களை மீட்கும் 'ஃபோட்டோரெக்'கோ எதுவானாலும் பிரதியில் மட்டும் ஓட்டுங்கள். விண்டோஸ் 'பிட்லொக்கர்' பூட்டியிருந்தால் பிரதியைத் திறக்க 48 இலக்கச் சாவி தேவை, மைக்ரோசொஃப்ட் கணக்கில் தேடுங்கள். படங்களைத் திறந்து பார்த்து, இன்னொரு தட்டிலும் போட்ட பிறகே பழையதை எறியலாம்.