தேதி பின்னால் போகும் கம்ப்யூட்டர்: மதர்போர்டு பேட்டரி மாற்றிய அனுபவம்

தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் தேதி பல வருஷம் பின்னால் போய் நின்றது. பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை; தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்றே காட்டியது. நெட்டில் கோளாறில்லை. தேதி தப்பானால் சான்றிதழின் காலக்கெடு ஒத்துப்போகாது.

காரணம், மதர்போர்டில் (கம்ப்யூட்டரின் முக்கிய சர்க்யூட் பலகையில்) உள்ள நாணய வடிவ பேட்டரி, சிஆர்2032. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். பழைய போர்டுகளில் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் இதுவே காக்கும். மல்டிமீட்டரில் 2.4 வோல்ட்தான் காட்டியது. புதியது 3 வோல்ட்டாவது காட்ட வேண்டும்.

கழற்றுமுன் பயாஸ் திரைகளை, முக்கியமாக சாட்டா மோடை (ஹார்ட் டிஸ்க் இணைப்பு இயங்கும் முறையை), போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றியதில் அது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்கே போய்விட்டது என்று பயந்துவிடுவோம்.

பவர் கார்டை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளியதும் பேட்டரி துள்ளி எழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், கொக்கி ஒடியும். புதியதைப் போடும்போது கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும்.

சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தே வைப்பவர்களுக்கு இந்த பேட்டரி சீக்கிரம் தீரும். சுவிட்ச் போட்டிருந்தால் கடிகாரத்துக்கு பவர் சப்ளையே மின்சாரம் கொடுத்துவிடும்.