வெளில இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர எந்த விபிஎன் எடுக்கலாம்

விபிஎன்னு தேடினா முதல்ல வந்து நிக்கிறது ஐபி அட்ரஸை மறைக்கிற சந்தா ஆப்புங்கதான், அது வேற நமக்கு வேண்டியது வேற. அதுல உங்க டிராஃபிக் அந்த கம்பெனி சர்வர் வழியா இன்டர்நெட்டுக்கு போகும், ஆபீஸ் ஃபைல் சர்வர் பக்கம் எட்டிக்கூட பாக்காது. நமக்கு வேணும்ங்கிறது நம்ம நெட்வொர்க் வாசல்லயே நின்னு, வெளில இருக்கிற லேப்டாப்பை பூட்டின பாதை வழியா உள்ள கொண்டு வர்ற விபிஎன்.

முதல்ல ப்ரோட்டோகால், அதாவது ரெண்டு பக்கமும் எந்த முறையில இணையுதுன்னு பாருங்க. பிபிடிபிங்கிற பழைய முறை மட்டும்தான் இருக்குன்னா அப்பவே மூடிடுங்க, அதுல பாஸ்வேர்ட் சரிபாக்கிற முறையை 2012லயே உடைச்சு காட்டிட்டாங்க. வயர்கார்டுங்கிற புது முறை நல்ல வேகம், 2020ல லினக்ஸோட மையப்பகுதியான கெர்னல் 5.6லயே சேத்துட்டாங்க, வைஃபைல இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அறுந்து போகாது. ஆனா அது யூடிபிங்கிற டேட்டா அனுப்புற முறையில மட்டும்தான் ஓடும், சில பொது வைஃபைல அதை அடைச்சு வெச்சிருப்பாங்க, அந்த மாதிரி இடத்துல ஓபன்விபிஎன்ங்கிற இன்னொரு முறையை டிசிபி 443ல, அதாவது சாதாரண வெப்சைட் போற அதே வழியில ஓட்டினா பெரும்பாலும் வழி கிடைக்கும். ஐகேஇவி2ங்கிற முறை விண்டோஸ், மேக், ஐபோன்ல உள்ளயே இருக்கு, தனியா ஆப் போட வேண்டாம்.

இதெல்லாத்தையும் விட நான் முக்கியமா பாக்கிறது, ஒருத்தரை எவ்ளோ சீக்கிரம் வெளிய எடுக்க முடியும்ங்கிறதுதான். நான் முன்னாடி இருந்த இடத்துல எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட், ஒருத்தர் வேலைய விட்டு போனப்போ அத்தனை பேர் லேப்டாப்லயும் மாத்த வேண்டியதா போச்சு, அது முடியிற வரைக்கும் அவரால உள்ள வர முடிஞ்சிருக்கும், நெனச்சாலே பகீர்னு இருக்கு. அதனால ஆளுக்கொரு அக்கவுண்ட், டிவைஸுக்கொரு கீ (அந்த டிவைஸ்லயே இருக்கிற ரகசிய சாவி), கூடவே ஓடிபி மாதிரி ரெண்டாவது சரிபார்ப்பு, இந்த மூணும் இல்லாம எடுக்காதீங்க. வயர்கார்டுல மட்டும் போனா யூசர்நேம் ஓடிபி எதுவும் கிடையாது, வெறும் கீதான், லேப்டாப் திருடு போனா கீயும் சேந்து போகும், அதனால மேல லாகின் வைக்கிற சாஃப்ட்வேரா பாத்து எடுங்க.

உங்க ஆபீஸ் இணைப்புக்கு சொந்தமா பப்ளிக் ஐபி, அதாவது இன்டர்நெட்ல இருந்து நேரா தேடி வர்ற முகவரி இல்லன்னா வெளில இருந்து நேரா உள்ள வர முடியாது, அப்போ டெயில்ஸ்கேல் மாதிரி ரெண்டு பக்கமும் வெளிய போய் சந்திச்சுக்கிற வகை சரிப்படும், அதுவும் வயர்கார்டு மேலதான் ஓடுது.

அப்புறம் அப்டேட், விபிஎன் சர்வர் நேரா இன்டர்நெட்டை பாத்து நிக்கிற கதவு, ஓட்டை தெரிஞ்சா முதல்ல அங்கதான் கை வைப்பாங்க. செக்யூரிட்டி பேட்ச் நிறுத்திட்ட பழைய விபிஎன் பாக்ஸ் சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

வாங்கறதுக்கு முன்னாடி ட்ரையல் போட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருந்து கனெக்ட் பண்ணுங்க, கனெக்ட் ஆகி இருக்கும்போதே அந்த யூசரை டெலீட் பண்ணி உடனே துண்டிக்குதான்னு பாருங்க, சிலது அடுத்த லாகின் வரைக்கும் உள்ளயே விட்டு வெச்சிருக்கும்.